ஆள் கூடாத சாவு வீடுகள்

(நவம்பர் மாதத்தில் சுங்கை பூலோவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்லறைத் திருநாளைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். கல்லறையை மந்திரிப்பது பற்றிப் பாதர் பேசட்டும், அது அவர் வேலை. கல்லறைக்குப் போகும் வழியில் சாவு வீடு ஒன்று இருக்கிறது. செபம் சொல்லச் சாவு வீடுகளுக்குப் போய்வருகிறவர்களில் நானும் ஒருவன் என்பதால் எனக்குப் பழக்கமான இடம் அதுதான். இன்றைக்கு அங்கேதான் நிற்கப் போகிறேன். அதிலும், கோவிட் காலத்தில் ஆள் கூடாமல் போன சாவு வீடுகளைப் பற்றி.

2020 மார்ச் 16ஆம் தேதி இரவு அப்போதைய மலேசியப் பிரதமர் முகைதீன் யாசின் தொலைக்காட்சியில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார். 18ஆம் தேதி அது நடப்புக்கு வந்தது. பூசை, தொழுகை, பூஜை எல்லாம் ஒரே நாளில் நின்றன. ஏப்ரல் 4 சீனர்களின் செங் மெங். கல்லறைக்குப் போக அனுமதியில்லை. ஏப்ரல் 12 உயிர்ப்புத் திருநாள். கோயிலில் பாதரும் கேமராவும்தான்.

அந்த வருடத்தை நினைத்தால் எல்லாரும் கோவிட் சாவைத்தான் நினைக்கிறோம். கணக்கைப் பாருங்கள். 2020 முடியும்போது இந்த நாட்டில் கோவிட்டால் இறந்தவர்கள் 471 பேர். அதே வருடம் எல்லாக் காரணங்களாலும் இறந்தவர்கள் ஏறக்குறைய 166,000 பேர். மாரடைப்பு, இனிப்பு நீர், சிறுநீரகம், மூப்பு என்று எப்போதும் போல நடந்த சாவுகள் அவை. நோய்க்கு அஞ்சி மூடிய கதவு அந்த நோயே இல்லாதவர்களின் சாவு வீட்டுக்கும் சேர்த்துத்தான் மூடியது. கிள்ளானில் ஒரு பாட்டி தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றால், ரவாங்கில் இருக்கும் மகள் வரலாம். பினாங்கில் இருக்கும் பேரன் வர முடியாது. பக்கத்துத் தாமானில் இருக்கும் அவளுடைய செபமாலைக் கூட்டாளிகள் வாசலைத் தாண்ட முடியாது. தொற்றுநோயின் முதல் வருடத்தில் நாம் பெரும்பாலும் இழந்தது சாவு வீட்டைத்தான். அடுத்த வருடம் நிலைமை வேறு. 2021 முடியும்போது கோவிட் சாவு 31,000ஐத் தாண்டியிருந்தது. அப்போது போனவர்களுக்குச் சாவு வீடும் இல்லை, கடைசியாக முகம் பார்ப்பதும் இல்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நம்முடைய சாவு வீடு எப்படியிருக்கும்? இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் சிலர் நல்லபடியாக நடந்த ஒரு சாவு வீட்டைப் பார்த்ததே கிடையாது என்பதால் சொல்கிறேன். செய்தி கிடைத்த அரை மணி நேரத்தில் வீட்டுக்கு முன்னால் கூடாரம் போட ஆள் வந்துவிடும். பிளாஸ்டிக் நாற்காலிகள், குவளைத் தண்ணீர், கச்சான், குவாச்சி. பெட்டி வருவதற்குள் அக்கம்பக்கத்துச் சீனக் குடும்பம் ஒரு வெள்ளை உறையோடு வந்து நின்றிருக்கும். தோட்டத்திலிருந்து வந்த சொந்தமாக இருந்தால் பாதிப் பேர் இந்துக்கள். அவர்கள் வந்ததும்தான் ஒப்பாரி எழும். நம் ஆட்கள் கோயில்காரர்கள் என்பதால் கொஞ்சம் அடக்கி அழுவார்கள், பெரியம்மா வந்து மாரில் அடித்துக்கொண்டதும் அந்த அடக்கம் போய்விடும். ராத்திரி எட்டு மணிக்குச் செபமாலை. அன்பியம் என்கிற அக்கம்பக்கக் குழுவினர் ஒரு நாள், மரியாயின் சேனை ஒரு நாள், பாடகர் குழு ஒரு நாள். செபம் முடிந்ததும் யாராவது தேத்தண்ணி கலக்குவார்கள். அந்தத் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டுதான், இறந்தவரைப் பற்றிப் பிள்ளைகளுக்கே தெரியாத கதைகளைப் பழைய ஆட்கள் சொல்வார்கள். உங்கப்பா ஆர்.ஆர்.ஐ. ரப்பர் தோட்டத்துல பால் வெட்டினப்போ என்று ஒருவர் தொடங்குவார். இன்னொருவர் அதைத் திருத்துவார். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகன் முதல் தடவையாகச் சிரிப்பான். அவன் சிரித்ததை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அழுகைக்கு ஒரு நேரம், செபத்துக்கு ஒரு நேரம், கதைக்கு ஒரு நேரம் என்று யாரும் வகுத்து வைக்காமலே மூன்றும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். திருப்பலிப் புத்தகத்தில் இந்தப் பகுதி கிடையாது. ஆனால் இதில்லாமல் அடக்கப் பூசை மட்டும் நடந்த வீடுகளைப் பார்த்தவன் நான். அந்த வீட்டார் ரொம்ப நாளைக்கு யாரோடும் பேசமாட்டார்கள்.

சரி, கட்டுப்பாட்டுக் காலத்தில் செபமாலை நின்றுவிட்டதா? இல்லை. ஸூமில் சொன்னோம். பழகிய குரல்கள், பழகிய முகங்கள் எல்லாம் சதுரம் சதுரமாக வந்தன. ஆனால் செபமாலை இரண்டு பாதியால் ஆனது. அருள் நிறைந்த மரியேயின் முதல் பாதியை ஒருவர் சொல்வார், மறு பாதியை எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள். இணையத்தில் எல்லாரும் ஒன்றாகப் பதில் சொன்னால், ஒவ்வொருவர் குரலும் ஒவ்வொரு நேரத்தில் வந்து சேர்ந்து சந்தைக் கூச்சலாகிவிடும். அதனால் எல்லாரையும் மைக்கை மூடச் சொன்னோம். முன்சொல்கிறவர் முதல் பாதியைச் சொல்லிவிட்டு, யாரோ எங்கோ பதில் சொல்கிறார்கள் என்று நம்பி, கொஞ்ச நேரம் காத்திருந்து, அடுத்த மணிக்குப் போவார். அவர் காதுக்கு எந்தப் பதிலும் வராது. திரையில் உதடுகள் அசையும். கணவனை இழந்த ஓர் அம்மா பிறகு என்னிடம் கேட்டார்: "எல்லாரும் வந்தீங்க தம்பி, சரிதான். யாரும் என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே?" சொன்னோம். மைக்கை மூடிக்கொண்டு சொன்னோம்.

திரை வழியாகப் பூசை பார்ப்பது தப்பு என்று சொல்லும் ஆள் நானில்லை. படுக்கையில் கிடப்பவர்களுக்கு அது இன்றைக்கும் உதவுகிறது. 2020 மார்ச் 27இல் போப் பிரான்சிஸ் மழையில் ஆளில்லாத பேதுரு சதுக்கத்தில் தனியாக நின்று உலகத்தை ஆசீர்வதித்தபோது, இந்த ஊரிலும் எத்தனையோ பேர் கைப்பேசிக்கு முன்னால் முழந்தாளிட்டார்கள். பூசை நடக்கத்தான் செய்தது. நற்கருணை நம் கைக்கு வரவில்லை, அது பெரிய இழப்புதான். ஆனால் கதவு திறந்ததும் அது திரும்பி வந்தது. சாவு வீட்டில் கூட வேண்டிய கூட்டம் மட்டும் திரும்பி வரவில்லை. போன வருடச் சாவுக்கு இந்த வருடம் யார் போய் உட்காருவார்கள்?

இந்தக் குறை ஏழை எளியவர்களுக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைக்க வேண்டாம். கர்தினால் சோட்டர் பெர்னாண்டஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1932இல் சுங்கை பட்டாணியில் பிறந்தவர். 1983 முதல் 2003 வரை, இருபது வருடம், கோலாலம்பூரின் பேராயர். 2016 நவம்பரில் மலேசியாவின் முதல் கர்தினாலானவர். நம் நாட்டில் ஒரு கத்தோலிக்கருக்கு இதற்கு மேல் பதவி இருந்ததில்லை. 2020 அக்டோபர் 14 முதல் சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயாவில் நிபந்தனைக்குட்பட்ட கட்டுப்பாட்டு ஆணை. அதன் நடுவில், அக்டோபர் 28இல், எண்பத்தெட்டு வயதில் அவர் இறந்தார். சாதாரண காலமாயிருந்தால் பேராலயம் இருக்கும் புக்கிட் நானாஸ் மேட்டில் கால் வைக்க இடமிருந்திருக்காது. தைப்பிங்கிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் பேருந்து பிடித்து வந்திருப்பார்கள். அவர் கையால் உறுதிப்பூசுதல் வாங்கியவர்களே எத்தனை ஆயிரம்! செயின்ட் ஜான் பேராலயத்தில் எண்ணி அனுமதிக்கப்பட்ட சிலரோடு அடக்கப் பூசை நடந்தது. மற்றவர்கள் வீட்டிலிருந்து பார்த்தார்கள். அவர் இறந்து ஐந்தாம் நாள் கல்லறைத் திருநாள். அன்றைக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில் கூட்டமாகப் போய்க் கல்லறை மந்திரிக்க வழியில்லை.

திருச்சபை இதை உணராமல் இல்லை. நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறையைச் சந்தித்துச் செபித்தால் உத்தரிக்கிற ஆன்மாக்களுக்குப் பரிபூரண பலன் என்பது நாம் ஞான உபதேசத்தில் படித்தது. அந்த எட்டு நாளில் எல்லாரும் கல்லறையில் கூடிவிடக்கூடாது என்பதற்காக, 2020 அக்டோபரில் ரோமிலுள்ள பாவமன்னிப்பு நீதிமன்றம் ஓர் ஆணை விட்டது: நவம்பர் மாதம் முழுவதிலும் எந்த எட்டு நாளையும் எடுத்துக்கொள்ளலாம். வீட்டைவிட்டு வெளியேற முடியாத முதியவர்களும் நோயாளிகளும் இயேசுவின் படத்துக்கோ மாதா படத்துக்கோ முன்னால் செபித்தாலே போதும். இரண்டாம் தேதி குருக்கள் ஒவ்வொருவரும் மூன்று பூசை வைக்க வேண்டும் என்றும் அதே ஆணை கேட்டுக்கொண்டது. அந்த மூன்று பூசை வழக்கம் எப்போது எல்லா நாட்டுக்கும் வந்தது தெரியுமா? 1915இல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, போப் பதினைந்தாம் பெனடிக்ட் கொடுத்தது. போர்க்களத்தில் பேரில்லாமல் புதைந்தவர்களுக்குப் பூசை வைக்க ஆள் போதவில்லை. நூறு வருடத்துக்குப் பிறகு அதே கதவைத் தட்ட வேண்டியதாயிற்று.

இந்த ஆணையில் எனக்குப் பிடித்தது அதன் சட்டநுணுக்கம் இல்லை. நாள் தவறினால் பலன் போச்சு என்று நாம் பயந்துகொண்டிருந்தோம். ஏழாம் நாள் விட்டுப்போச்சு, முப்பதாம் நாள் விட்டுப்போச்சு, வருடப் பூசைக்குக் கோயில் பூட்டியிருந்தது என்று எத்தனை பேர் அழுதார்கள்! தாமதமாகச் செய்தாலும் செய்ததுதான் என்று ரோமாபுரியே எழுத்தில் கொடுத்திருக்கிறது. இதை நம் பங்குகளில் போதுமான அளவுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்பது என் ஆற்றாமை.

இனி 2021. அவசரகாலம், ஜூன் முதல் தேதியிலிருந்து முழு முடக்கம், உதவி கேட்டு வெள்ளைக் கொடி கட்டிய வீடுகள். செப்டம்பர் 11ஆம் தேதி ஒரே நாளில் அறிவிக்கப்பட்ட சாவு 592. அதில் நம் மருத்துவமனையின் பங்கு என்னவென்று உங்களுக்குத் தெரியும். 2020 ஜனவரியில் நாட்டின் முதல் நோயாளிகளைச் சேர்த்ததே சுங்கை பூலோவில்தான். உள்ளே போனவர் கைப்பேசியில் பேசிக்கொண்டேயிருப்பார். ஒரு நாள் பேச்சு நிற்கும். உடலைப் பையில் வைத்து மூடிவிடுவார்கள், குளிப்பாட்டுவதில்லை, உடை மாற்றுவதில்லை. தந்தை இறந்த நாளில் தாயும் பிள்ளைகளும் தனிமைப்படுத்தலில் இருப்பார்கள். நோயில் பூசுதல் இல்லாமல் போனவர்களைப் பற்றி நீங்கள் வருத்தப்படுகிறீர்கள். உயிரோடிருந்தபோது வழக்கமாகச் செபித்து வந்தவர்களுக்கு மரண வேளையின் பலனை, குரு அருகில் இல்லாவிட்டாலும், திருச்சபையே கொடுக்கிறது என்று 2020 மார்ச்சிலேயே ரோம் அறிவித்திருந்தது. அந்தக் கவலையை இறக்கி வைத்துவிடுங்கள்.

சாம்பல் விஷயம் அப்படி இறக்கி வைக்கக்கூடியதில்லை. அந்த மாதங்களில் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவும் தகனத்துக்கு ஒப்புக்கொண்டன. 1963 முதல் திருச்சபை தகனத்துக்குத் தடை சொல்வதில்லை. ஆனால் 2016இல் வந்த வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது: சாம்பலைக் கல்லறையிலோ அர்ப்பணிக்கப்பட்ட இடத்திலோ வைக்க வேண்டும், வீட்டில் வைத்துக்கொள்வதும், கரைப்பதும், பங்கு போடுவதும் கூடாது. சிறு பகுதியை மட்டும் தகுந்த இடத்தில் வைக்கலாம் என்று 2023இல் சற்றுத் தளர்த்தினார்கள். கோயில் பூட்டியிருந்த காலத்தில் அந்தக் கலசம் எங்கே போகும்? சாமி மேடையில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கோயில் திறந்ததும் கொண்டுபோய் வைக்கலாம் என்று நினைத்தார்கள். திறந்தபோது கலசம் வைக்கும் மாடத்துக்கான கட்டணம் கையில் இல்லை, வேலை போயிருந்தது. அப்புறம் வெட்கம். இத்தனை நாள் வீட்டில் வைத்திருந்ததற்குப் பாதர் திட்டுவாரோ என்று. இன்றைக்கும் அப்படி வைத்திருக்கும் வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். இங்கே உட்கார்ந்திருப்பவர்களிலும் இருக்கலாம். யாரும் திட்டமாட்டார்கள், வாருங்கள்.

நம் நாட்டில் குறைந்தபட்சம் மண்ணா நெருப்பா என்பதைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. இலங்கையில் 2020 மார்ச் கடைசியிலிருந்து கோவிட் சாவென்றால் கட்டாயத் தகனம்தான். முஸ்லிம்கள் பட்ட பாடு உலகத்துக்குத் தெரியும். அடக்கமே வேண்டும் என்று விரும்பிய கிறிஸ்தவர்களும் அதில் இருந்தார்கள். 2021 மார்ச்சில்தான் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கத்துக்கு இடம் விட்டார்கள். சென்னையில் 2020 ஏப்ரலில் ஒரு கிறிஸ்தவ மருத்துவரின் உடலைக் கீழ்ப்பாக்கத்தில் அடக்க விடவில்லை. வேலங்காடு இடுகாட்டில் ஆம்புலன்ஸ் மீது கல்லெறிந்தார்கள். உடன் வந்தவர்களை விரட்டிவிட்ட பிறகு, அவரோடு வேலை செய்த இன்னொரு மருத்துவர் நள்ளிரவில் தன் கையால் மண் தள்ளி அடக்கம் செய்தார். சாவு வீட்டுக்கு வர வேண்டிய ஊர், கல்லெடுத்துக்கொண்டு வந்தது.

பாதர் இல்லாமல், கோயில் இல்லாமல் நம்மால் எதுவும் முடியாது என்பதும் உண்மையில்லை. வயதானவர்களுக்கு நினைவிருக்கும். வெளிநாட்டுக் குருக்கள் இங்கே தங்குவதற்கு அரசாங்கம் கட்டுப்பாடு கொண்டுவந்த காலம். 1976 ஆகஸ்டில் தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் ஒரு மாதம் ஜொகூர் பிளெந்தோங்கில் கூடி உட்கார்ந்து, இந்தத் திருச்சபை இனி எப்படி நிற்கும் என்று யோசித்தார்கள். அந்த மாதம் பங்குகளைப் பார்த்துக்கொண்டது பொதுநிலையினர்தான். பி.இ.சி. என்று நாம் சொல்கிற அன்பியங்கள் அந்தக் கூட்டத்தின் பிள்ளைகள். குரு இல்லாத நாளுக்கென்றே நமக்கு ஒரு ஏற்பாட்டைப் பெரியவர்கள் செய்து வைத்தார்கள். 2020இல் அந்த நாள் வந்தது. நாம் என்ன செய்தோம்? பேராலயத்துப் பூசை எத்தனை மணிக்கு என்று இணைப்பு அனுப்பிக்கொண்டிருந்தோம். பத்து வீட்டு அன்பியத்தில் யார் செத்தார், யார் வீட்டில் சமைக்கவில்லை என்று பார்த்துச் சோறு கொண்டுபோய் வேலியில் தொங்கவிட்ட அன்பியங்களும் இருந்தன. நல்ல வேளையாக. ஆனால் எல்லா இடத்திலும் இல்லை.

இந்த ஊர்க்காரர்களுக்கு இன்னொன்றைச் சொல்ல வேண்டும். மருத்துவமனைக்குப் போகும் சாலையில் இருபுறமும் பூச்செடிக் கடைகள் இருக்கின்றனவே, அதுதான் நம்பிக்கைப் பள்ளத்தாக்கு. டாக்டர் டிராவர்ஸின் முயற்சியால் 1930இல் திறந்த தொழுநோயாளர் குடியிருப்பு. கிட்டத்தட்ட 560 ஏக்கர். ஒரு காலத்தில் 2,000 பேருக்கு மேல் இருந்தார்கள். உள்ளேயே கோவில், மசூதி, தேவாலயம், பள்ளிக்கூடம், சிறை, தனி நாணயம், சுடுகாடு, இடுகாடு. இப்போதைய மருத்துவமனை நிற்பதும் அந்த நிலத்தின் ஒரு துண்டில்தான். அங்கே பிறந்த குழந்தைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்து வெளியே வளர்க்கக் கொடுத்தார்கள். பெற்றவர்கள் இறந்தபோது பிள்ளைகளுக்குச் சொல்ல ஆளில்லை. சில பிள்ளைகளுக்குத் தாங்கள் யார் பிள்ளைகள் என்பதே தெரியாது. முப்பது, நாற்பது வருடம் கழித்து, பழைய பதிவேட்டைப் புரட்டி, பேரைக் கண்டுபிடித்து, அவர்களில் சிலர் தாய் தகப்பன் கல்லறைக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள். உடன் இருந்தவர்கள் அங்கேயே வாழ்ந்த மற்ற நோயாளிகள். அவர்கள்தான் இறந்தவரைப் பற்றிப் பிள்ளையிடம் சொன்னார்கள்: உன் அம்மா நன்றாகத் தைப்பாள், உன் அப்பா செடி வளர்ப்பதில் கெட்டிக்காரர் என்று. நாற்பது வருடம் தாமதமாக நடந்த சாவு வீடு அது. சாவு வீட்டுக்குத் தேவையானது எல்லாம் அதில் இருந்தது: அழுகிறவர் ஒருவர், இறந்தவரைத் தெரிந்தவர் ஒருவர், கொஞ்சம் நேரம்.

ஆகையால் என் பேச்சின் சாரம் ஒரு யோசனைதான். 2020 மார்ச் முதல் 2021 கடைசி வரை நம் பங்கில் இறந்தவர்களின் வீடுகளுக்கு நாம் இன்னும் போகவில்லை. மாநில எல்லைகளைத் திறந்தது 2021 அக்டோபர் 11இல். அன்றைக்கே நாம் கிளம்பியிருக்கலாம். கேமரன் மலைக்கும் கிளம்பினோம், சாவு வீட்டுக்கு மட்டும் கிளம்பவில்லை. பழசைக் கிளற வேண்டாம் என்றார்கள். கிளறுகிறவர்கள் நாமா? கிளறாமல் மூடி வைத்திருப்பது அந்த வீட்டார். ஒரு மாதத்துக்கு ஒரு வீடு என்று ஒவ்வொரு அன்பியமும் எடுத்துக்கொள்ளட்டும். கூடாரம் வேண்டாம். செபமாலை சொல்லுங்கள், மறு பாதியைச் சத்தமாகச் சொல்லுங்கள். பிறகு தேத்தண்ணி குடியுங்கள், அவரைப் பற்றித் தெரிந்த கதையைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் வீட்டாரைச் சொல்லச் சொல்லுங்கள். இந்துச் சொந்தக்காரர்களையும் கூப்பிடுங்கள். அவர்களுக்கும் அந்த வருடம் கதவு மூடித்தான் இருந்தது.

பேர் வாசிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நவம்பரில் பூசைக்கு முன் இறந்தவர்களின் பேரை வாசிக்கிறோம். உறையில் பத்து வெள்ளி வைத்தவர்களின் பேர் மட்டும் வருகிறது. அதுவும் ரோமன் எழுத்தில் எழுதியதைத் தமிழ் தெரியாத ஒருவர் வேகமாக வாசித்தால், ஆரோக்கியசாமி யாரோ ஒரு ஜப்பான்காரர் மாதிரி ஆகிவிடுகிறார். செத்தவர் மன்னித்துவிடுவார், பேத்திக்குத்தான் சங்கடம். இந்த வருடம் தமிழ்ப் பூசையில் அந்த இரண்டு வருடத்துப் பேர்களைத் தனியாக, மெதுவாக, தமிழில் எழுதி வாசிக்கலாம். பங்குப் பேரவையில் கேட்டோம், பாதர் சரி என்றிருக்கிறார்.

வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். பேர், இறந்த தேதி, எந்தத் தாமான், வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள், எந்த நாள் வந்தால் வசதி, எல்லாம் தமிழிலேயே எழுதுங்கள். உறை வேண்டாம். சாம்பல் கலசம் வீட்டில் இருந்தால் ஓரத்தில் ஒரு சிலுவை போட்டுவிடுங்கள், மற்றதை நாங்கள் தனியாக வந்து பேசிக்கொள்கிறோம். சனிக்கிழமை செராஸ் கல்லறைக்கு வேன் போகிறது. காலை ஏழு மணிக்கு இந்த மண்டபத்து வாசலிலிருந்து. நடக்க முடியாதவர்களுக்கு முன் இருக்கை உண்டு, பேரை மட்டும் இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.